குவாரி பேங்க் பஞ்சாலையைப் பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குத் தெற்கே, செஷையர் பகுதியில், ஸ்டையல் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. ஊருக்குக் கீழே, மரங்கள் நெருங்கி நிற்கும் பள்ளத்தாக்கில் போலின் ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பி 1784இல் எழுந்த பஞ்சாலைதான் குவாரி பேங்க். நான் பலமுறை போய் வந்த இடம். மான்செஸ்டர் பக்கம் வருகிற நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லி வந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். நுழைவுக் கட்டணம், திறக்கும் நேரம் இரண்டும் பருவத்துக்குப் பருவம் மாறும். அவற்றைப் புறப்படுவதற்கு முந்தின நாள், இப்போது இந்த இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் ஓடும் மில் என்கிறீர்களே, மாவு அரைக்கும் மில்லா?

இல்லை. நீர்ச்சக்கரம் என்றதும் பலருக்கும் மாவு ஆலைதான் நினைவுக்கு வரும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அதற்குத்தான் அதிகம் பயன்பட்டது. இது பஞ்சை நூலாக்கிய ஆலை. பின்னாளில் தறிகளும் சேர்ந்து துணியும் நெய்தார்கள். பல மாடிகள் கொண்ட செங்கல் கட்டடம், வரிசை வரிசையாக ஜன்னல்கள். முதல்முறை மேலிருந்து இறங்கி வரும்போது, இவ்வளவு பெரிய கட்டடம் இப்படியொரு காட்டுக்குள் எப்படி வந்தது என்றுதான் தோன்றும்.

அதையே கேட்கிறேன். ஊரை விட்டு ஏன் இந்தப் பள்ளத்தில் வந்து கட்டினார்கள்?

தண்ணீர் இருக்கும் இடத்துக்குத்தான் ஆலை போக வேண்டியிருந்தது. ரிச்சர்ட் ஆர்க்ரைட் 1769இல் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரத்துக்கு 'வாட்டர் ஃபிரேம்' என்றே பெயர். கையால் சுற்றி ஓட்ட முடியாத அளவுக்கு அது கனம், ஆற்று விசைதான் அதற்குத் தோது. ஆகவே அந்தக் காலத்து ஆலை முதலாளிகள் ஆற்றோரங்களில் நல்ல சரிவு தேடி அலைந்தார்கள். போலின் பெரிய ஆறு இல்லை. மேக்கில்ஸ்ஃபீல்டுக்குக் கிழக்கே உள்ள மேட்டுக் காடுகளில் பிறந்து வருகிற சிற்றாறுதான். ஆனால் இந்த இடத்தில் பள்ளத்தாக்கு குறுகலாக, கரைகள் செங்குத்தாக இருக்கின்றன. தண்ணீரை மேலே நிறுத்திக் கீழே விழச் செய்ய வசதி.

காலமும் கூடி வந்தது. இந்தியாவிலிருந்து வந்த அச்சிட்ட பருத்தித் துணிகள் உள்ளூர்க் கம்பளி, பட்டு வியாபாரத்தைக் கெடுக்கின்றன என்று சொல்லி, 1721இல் அவற்றை உடுத்தவே இங்கிலாந்தில் தடை போட்டிருந்தார்கள். அந்தத் துணிக்கு ஆங்கிலத்தில் 'காலிகோ' என்று பெயர். நம் கோழிக்கோட்டின் பழைய ஆங்கிலப் பெயரிலிருந்து வந்த சொல் அது. 1774இல் தடை நீங்கி, உள்நாட்டிலேயே செய்த பருத்தித் துணிக்கு வழி பிறந்தது. அதற்குப் பத்தே ஆண்டுகளில் சாமுவேல் கிரெக் இங்கே ஆலை கட்டுகிறார். 1785இல் ஆர்க்ரைட்டின் காப்புரிமை நீதிமன்றத்தில் ரத்தாகி, அந்த இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. பெல்ஃபாஸ்ட்டில் பிறந்து, மான்செஸ்டரில் துணி வியாபாரம் செய்த மாமா வீட்டில் வளர்ந்தவர் கிரெக். ஆலை தொடங்கியபோது அவருக்கு வயது இருபத்தாறுதான்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஆலை வாசலிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நேரே சக்கரத்தைப் பார்க்க ஓடினால், இருட்டில் சுற்றுகிற ஒரு பெரிய இரும்பு உருளைதான் கண்ணில் படும். நானே முதல் தடவை அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன்.

முதலில் ஆற்றோரமாக மேல்நோக்கி நடந்து தடுப்பணைக்குப் போங்கள். ஆறு ஒரு கல்சுவரில் தேங்கி, மீதி வெள்ளையாக வழிந்து விழும். சுவருக்கு மேலே தண்ணீர் அசையாமல், மர நிழலைத் தாங்கிக்கொண்டு நிற்கும். சுவருக்குக் கீழே அதே தண்ணீர் கூச்சலிடும். இரண்டு மட்டங்களுக்கும் நடுவே இருக்கும் அந்த உயரம்தான் ஆலையின் மூலதனம். தேங்கிய தண்ணீரில் ஒரு பகுதி ஆற்றோடு போகாமல் ஆலைப் பக்கம் திரும்புகிறது. அதைக் கண்ணால் பின்தொடர்ந்துகொண்டே ஆலைக்கு வாருங்கள். அப்புறம் சக்கர அறைக்குள் நுழைந்தால், இவ்வளவு தூரம் கூட நடந்து வந்த தண்ணீர் அங்கே உங்களுக்கு முன்பே வந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

சக்கரம் எப்படி வேலை செய்கிறது? ஆறு அடித்துத் தள்ளுகிறதா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அடியில் ஓடும் தண்ணீர் தள்ளிச் சுற்றும் சக்கரங்களும் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பகுதி விசை வீணாகிவிடும். ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளர் சிறிய மாதிரிச் சக்கரங்களை வைத்துச் சோதித்து, 1759இல் முடிவுகளை வெளியிட்டார். அடியில் தள்ளும் தண்ணீரின் விசையில் மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்துக்குக் கிடைப்பதில்லை, மேலிருந்து விழுந்து வாளிகளில் நிறையும் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது என்று காட்டினார். அதற்குப் பிறகு கவனம் தண்ணீரின் எடைப் பக்கம் திரும்பியது. சக்கரத்தின் விளிம்பெங்கும் வாளி மாதிரி அறைகள். மேல்பாதியில் தண்ணீர் இறங்கி அவற்றை நிரப்புகிறது. நிறைந்த பக்கம் கனத்துக் கீழே இறங்க, காலியான பக்கம் மேலே ஏறுகிறது. அவசரமே இருக்காது. நின்று பார்த்தால் யாரோ பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்ல உட்கார்ந்து எழுவது போலிருக்கும்.

1818 வாக்கில் தாமஸ் ஹியூஸ் என்ற பொறியாளர் இங்கே அமைத்த இரும்புச் சக்கரத்தை 'கிரேட் வீல்' என்றார்கள். 32 அடி விட்டம், 100 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் சுமார் 75 கிலோவாட். அவ்வளவு விசை வேண்டுமென்றால் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர், பத்து மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான உயரத்திலிருந்து, விடாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். தடுப்பணையை மட்டும் நம்பினால் அந்த உயரம் வராது. அதனால் சக்கரத்தை ஆற்று மட்டத்துக்கும் கீழே ஒரு பள்ளம் தோண்டி இறக்கினார்கள். வேலை முடிந்த தண்ணீர் அங்கேயே தேங்கிவிடாமல் இருக்க, நிலத்துக்கடியில் சுரங்க வாய்க்கால் வெட்டி, ஆறு தானே அந்த மட்டத்துக்கு இறங்கி வருகிற இடத்தில், கீழே வெகுதூரம் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மேலே சுவர் கட்டிக் கொஞ்சம் உயரம், கீழே பள்ளம் தோண்டிக் கொஞ்சம் உயரம். இந்தச் சுரங்கத்தைப் பற்றித் தெரிந்த பிறகுதான் ஆலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது எனக்குப் பிடிபட்டது. கட்டடம் அதில் ஒரு பகுதிதான்.

சக்கர அறையில் இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்கமாகச் சக்கரத்தின் நடு அச்சுதான் விசையை வெளியே கொண்டுபோகும். அச்சும் ஆரங்களும் தடிமனாக இருந்தாக வேண்டும். ஹியூஸ் வகைச் சக்கரத்தில் விளிம்பிலேயே பற்கள் வைத்து, அங்கிருந்தே ஒரு சின்னப் பல்சக்கரம் விசையை எடுத்துக்கொள்கிறது. ஆரங்கள் சக்கரத்தைத் தாங்கினால் போதும், திருக வேண்டியதில்லை. அதனால்தான் சைக்கிள் சக்கரக் கம்பிகள் போல அவை அவ்வளவு மெல்லியதாக இருக்கின்றன.

இப்போது சுற்றுவது அந்தப் பழைய சக்கரமா?

அது இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு டர்பைன்களை வைத்துவிட்டார்கள். இப்போது பார்ப்பது யார்க்‌ஷையரில் பேட்லி பிரிட்ஜ் அருகே கிளாஸ்ஹவுசஸ் என்ற ஆலையிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சக்கரம். வில்லியம் ஃபேர்பேர்ன் வடிவமைத்தது. ஹியூஸிடம் வேலை பார்த்துத் தொழில் பழகியவர் அவர். குருவின் சக்கரம் இருந்த குழியில் சீடரின் சக்கரம். வெறும் ஒட்டுவேலை என்று நான் இதை நினைப்பதில்லை. ஒரு காலத்துச் சக்கரம், ஒரே தொழில் மரபு, அதே ஆறு.

எப்போது போனாலும் சக்கரம் சுற்றுமா?

உறுதி இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தாலும் நிறுத்துவார்கள், வெள்ளம் வந்தாலும் நிறுத்துவார்கள், பராமரிப்புக்கும் நிறுத்துவார்கள். அன்றைக்கு ஓடுகிறதா என்று முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஆலை ஓடிய காலத்திலும் இதே கவலைதான். கோடையில் ஆறு வற்றினால் வேலை நின்றது. அதைச் சமாளிக்கத்தான் 1810 வாக்கிலேயே ஒரு நீராவி எஞ்சினைத் துணைக்கு வாங்கினார்கள். நீராவி வந்ததும் எல்லாரும் ஆற்றைக் கைவிட்டார்கள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். இங்கே இரண்டும் பல பத்தாண்டுகள் சேர்ந்தே ஓடின. நிலக்கரிக்குக் காசு கொடுக்க வேண்டும், ஆறு அப்படி இல்லை. எஞ்சின்களையும் ஆலைக்குள் காட்டுகிறார்கள்.

உள்ளே இயந்திரங்கள் ஓடுமா, வெறும் காட்சிப்பொருளா?

ஓட்டிக் காட்டுகிறார்கள். அதுதான் இந்த இடத்தின் பெருமை. பொதியிலிருந்து வந்த பஞ்சைக் கார்டிங் இயந்திரம் சீவி, இழைகளை ஒரே திசையில் படுக்க வைத்துத் தளர்ந்த திரியாகத் தருகிறது. திரியை இழுத்து இழுத்து மெல்லியதாக்கி, முறுக்கேற்றினால் நூல். கோவை, திருப்பூர்ப் பக்கம் மில்லில் வேலை செய்தவர்கள் உங்களோடு வந்தால் அவர்களை முன்னால் விடுங்கள். கார்டிங், ரோவிங், ஸ்பின்னிங் என்று பெயர் மாறாமல் அடையாளம் காட்டுவார்கள்.

மியூல் என்ற நூற்பு இயந்திரத்தை ஓட்டும்போது பக்கத்தில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். சாமுவேல் கிராம்ப்டன் 1779இல் உருவாக்கியதன் வழிவந்தது. நீண்ட வண்டியொன்று, மேலே வரிசையாக நூல் சுற்றும் கதிர்கள். வண்டி தண்டவாளத்தில் பின்னோக்கி நகர, நூற்றுக்கணக்கான இழைகள் ஒரே சமயத்தில் நீளும். நீளும்போதே முறுக்கேறும். ஒன்றரை மீட்டர் அளவுக்கு வெளியே வந்ததும் ஒரு கணம் நிற்கும். பிறகு முன்னோக்கி ஓடி, நூற்ற நூல் முழுவதையும் கதிரில் சுற்றிக்கொள்ளும். மறுபடி பின்னால். இழை அறுந்தால் ஒருவர் ஓடும் வண்டியோடு தானும் நடந்து, குனிந்து, இரண்டு நுனிகளையும் விரலால் உருட்டி ஒட்டிவிடுவார். வண்டி திரும்பி வருவதற்குள் முடித்தாக வேண்டும். நான் பார்த்த நாளில் அந்த ஊழியர் பேசிக்கொண்டே, குனிந்து பார்க்காமலே அதைச் செய்தார். இரண்டு விரல், அரை வினாடி, நூல் ஒட்டிவிட்டது.

அப்புறம் அவர் வண்டிக்கு அடியில் இருக்கும் இடைவெளியைக் காட்டினார். ஆளுயரத்தில் பாதிகூட இல்லை, முழங்கால் உயரம். மியூல் ஓடிய ஆலைகளில் அதற்கடியில் உதிரும் பஞ்சைக் கூட்டி எடுக்கச் சிறுவர்கள் தவழ்ந்து போவார்கள், இயந்திரத்தை நிறுத்த மாட்டார்கள். அங்கே நின்ற எல்லாரும் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சத்தம் தாங்க முடியுமா?

தறிகள் ஓடும் அறையில் கஷ்டம்தான். ஊடுநூலைக் கொண்டுபோகும் கட்டையான நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடும் சத்தம் நெஞ்சுக்கூட்டில் கேட்கும். இத்தனைக்கும் ஒன்றிரண்டு தறிகளைத்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் அறை முழுக்க, நாள் முழுக்க. லங்காஷையர் நெசவாளர்கள் சத்தத்தில் வாய் அசைவைப் பார்த்தே பேசிக்கொள்ளப் பழகினார்கள். அதற்கு 'மீ-மாயிங்' என்று பெயரே உண்டு. பலருக்குக் காது போனது. பஞ்சுத் தூசி நுரையீரலை அடைத்தது. கைக்குழந்தையோடு போனால் இந்த அறைக்கு வெளியே ஒருவர் நிற்பது நல்லது.

இங்கே குழந்தைகளை வேலைக்கு வைத்திருந்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆலையிலிருந்து மேடேறினால் 'அப்ரண்டிஸ் ஹவுஸ்' என்ற வெள்ளைநிற வீடு, ஆலைப் பயிற்சிப் பிள்ளைகளின் விடுதி, வரும். 1790இல் கட்டியது. ஒரு சமயத்தில் ஏறக்குறைய 90 பிள்ளைகள் அங்கே தங்கியிருந்தார்கள். பெரும்பாலும் சிறுமிகள். பெற்றோர் இல்லாதவர்கள், இருந்தும் வளர்க்க வழியில்லாதவர்கள். திருச்சபை வட்டாரங்கள் நடத்திய ஏழைகள் விடுதிகளிலிருந்து, லிவர்பூலிலிருந்தும் லண்டன் ஹாக்னியிலிருந்தும்கூட, ஒப்பந்தம் எழுதி அனுப்பிவைத்தார்கள். ஒன்பது, பத்து வயதில் வந்து சேர்ந்து, பதின்ம வயது முடியும்வரை இருக்க வேண்டும். நாளைக்குச் சுமார் 12 மணி நேர வேலை. சம்பளம் சாப்பாடும் படுக்கையும்தான். கூடுதல் நேரம் வேலை செய்தால் சில்லறைக் காசு. ஆலை ஒதுக்குப்புறத்தில் இருந்ததால் உள்ளூரில் போதிய ஆள் கிடைக்கவில்லை. தண்ணீருக்காகப் பள்ளத்தாக்குக்கு வந்த ஆலை, ஆளுக்காக ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போனது.

வீட்டைச் சுற்றிக் காட்டும் நேரம் குறிப்பிட்டதுதான், ஒரு குழுவில் சில பேருக்கே இடம். ஆலைக்குள் போவதற்கு முன்பே அதற்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். ஒரு படுக்கையில் இரண்டு பிள்ளைகள். கெட்டியாகக் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சியைக் கையிலேயே வாங்கித் தின்பார்களாம். தோட்டத்தில் காய்கறியும் மூலிகையும் வளர்த்தார்கள். பீட்டர் ஹாலண்ட் என்ற மருத்துவரை கிரெக் ஏற்பாடு செய்திருந்தார். ஆலைப் பிள்ளைகளுக்கென்று மருத்துவர் வைப்பது அந்தக் காலத்தில் அரிது. கிரெக்கின் மனைவி ஹன்னா பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். பாடம் எப்போது என்றால், வேலை முடிந்த பிறகு.

1806இல் இரண்டு பையன்கள் இங்கிருந்து ஓடிப்போனார்கள். தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன். தாமஸுக்கு வயது 13. இயந்திரத்தில் அவன் இடது கைச் சுட்டுவிரல் போயிருந்தது. இருவரும் ஹாக்னி விடுதியிலிருந்து வந்தவர்கள், தாயைப் பார்க்க வேண்டும் என்று லண்டனை நோக்கிக் கிளம்பிவிட்டார்கள். சுமார் 300 கிலோமீட்டர். லண்டன் போய்ச் சேர்ந்து, பிடிபட்டு, நீதிபதி முன்னால் நின்றார்கள். அங்கே அவர்கள் கொடுத்த வாக்குமூலம் எழுத்தில் இருப்பதால்தான் அந்த வீட்டின் அன்றாடத்தைப் பற்றி இவ்வளவு தெரிகிறது. கஞ்சி, படுக்கை, வேலை நேரம் எல்லாவற்றையும் சொன்னார்கள். பெரிதாகக் குறை எதுவும் சொல்லவில்லை. தாயைப் பார்க்கத்தான் ஆசைப்பட்டார்கள். திரும்ப ஆலைக்கே அனுப்பிவைத்தார்கள்.

அப்படியானால் கிரெக் நல்லவரா கெட்டவரா?

வழிகாட்டிகளிடமும் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள். அக்கம்பக்கத்து ஆலைகளோடு ஒப்பிட்டால் இங்கே சாப்பாடு, மருத்துவம், படிப்பு எல்லாம் மேல். ஆனால் என்னால் அத்தோடு விட முடியவில்லை. பிள்ளைகளை நல்லபடியாக வைத்துக்கொண்டதற்கு ஆதாயமும் ஒரு காரணம். நோயாளிப் பிள்ளையால் வேலை செய்ய முடியாதே. 1802இல் வந்த சட்டம் ஆலைப் பயிற்சிப் பிள்ளைகளின் வேலையை நாளைக்கு 12 மணி நேரத்துக்குள் வைக்கச் சொன்னது. 1833 சட்டம் பஞ்சாலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை வைக்கக் கூடாது என்றது. அதைப் பார்க்க அரசு ஆய்வாளர்களும் வந்தார்கள். 1847இல் இங்கே அந்த விடுதி முறை முடிவுக்கு வந்தது. 1802 சட்டத்தைக் கொண்டுவந்தவரே ராபர்ட் பீல் என்ற ஆலை முதலாளிதான். பின்னால் வந்தவற்றுக்குப் போராட வேண்டியிருந்தது.

இவ்வளவு பஞ்சு எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் கரீபியத் தீவுகள், பிரேசில். 1793இல் பருத்திக் கொட்டை நீக்கும் ஜின் இயந்திரம் வந்த பிறகு, மேலும் மேலும் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து. எல்லாமே பெரும்பாலும் அடிமைகள் விளைவித்த பஞ்சு. கப்பலில் லிவர்பூலில் இறங்கி இங்கே வந்தது. கிரெக் குடும்பத்துக்கு டொமினிக்கா தீவில் ஹில்ஸ்பரோ என்ற தோட்டமே சொந்தமாக இருந்தது. அங்கே அடிமைகள் வேலை செய்தார்கள். 1833இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது இரண்டு கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. விடுதலையானவர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை, முழுவதும் உரிமையாளர்களுக்கு. இதை ஆலைக்குள் இப்போது வெளிப்படையாகவே சொல்கிறார்கள். அந்தப் பலகைகளைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கார்டிங் இயந்திரத்தில் வெள்ளையாக விழும் பஞ்சை அதைப் படித்த பிறகு பாருங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

கட்டாயம். ஏழெட்டு வயதுக்கு மேல் என்றால் இன்னும் நல்லது. அப்ரண்டிஸ் வீட்டில் தன் வயதுப் பிள்ளை எங்கே படுத்தது என்று பார்க்கும்போது எந்தக் குழந்தையும் கேள்வி கேட்கும். பதில் சொல்லத் தயாராகப் போங்கள். இயந்திரங்கள் பக்கம் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குச் சிரமமா?

கொஞ்சம் சிரமம்தான். வண்டி நிறுத்துமிடம் மேட்டில், ஆலை பள்ளத்தில். இறங்குவது எளிது, திரும்ப ஏறுவதுதான். கட்டடத்துக்குள் மாடி மாடியாகப் பார்க்க வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் லிஃப்ட், சக்கர நாற்காலி, கீழே இறக்கிவிடும் வசதி பற்றி முன்பே கேட்டுவிட்டு வாருங்கள்.

காட்டில் நடக்க என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நல்ல ஷூ. மழை பெய்யாத நாளிலும் ஆற்றோரப் பாதை சேறுதான். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் மரத்தடியெல்லாம் புளூபெல் பூக்கள் நீலமாக விரிந்திருக்கும். இலையுதிர் காலத்தில் பீச் மரங்கள் செம்புநிறம். ஆலையை ஒட்டி கிரெக் குடும்பம் வாழ்ந்த வீடும் பள்ளத்தாக்கின் சரிவிலேயே அமைத்த தோட்டமும் இருக்கின்றன. முதலாளி வீட்டு ஜன்னலிலிருந்து ஆலை கூப்பிடு தூரம்.

ஆற்றோடு கீழ்நோக்கி நடந்தால் காடும் பாலங்களுமாகப் போகும். தலைக்கு மேலே விமானங்கள் தாழப் பறக்கும், மான்செஸ்டர் விமான நிலையம் அவ்வளவு பக்கம். 2001இல் திறந்த இரண்டாவது ஓடுபாதை இந்தப் பள்ளத்தாக்கைக் குறுக்கே கடக்கிறது. போலின் ஆறு அதற்கடியில் குழாய்ப் பாதை வழியே போகிறது.

ஸ்டையல் ஊரில் பார்க்க ஏதாவது உண்டா?

தொழிலாளர்களுக்காக 1820களில் கட்டிய செங்கல் வீட்டு வரிசைகள் அப்படியே இருக்கின்றன. பள்ளிக்கூடம், வழிபாட்டுக்கூடம் எல்லாம் கிரெக் குடும்பம் கட்டியவை. ஆனால் அந்த வீடுகளில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப் பார்ப்பது, வாசற்படியில் உட்கார்ந்து படம் எடுப்பதெல்லாம் வேண்டாம்.

ஆலை எப்போது நின்றது?

1939இல் கிரெக் குடும்ப வாரிசு ஆலை, ஊர், காடு எல்லாவற்றையும் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்தார். துணி நெய்வது 1959 வரை தொடர்ந்தது. அதற்குப் பிறகு அருங்காட்சியகமாக மாறியது.

எப்படிப் போவது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ஸ்டையல் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். ஆனால் அங்கே எல்லா ரயிலும் நிற்காது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். வில்ம்ஸ்லோவில் ரயில் அதிகம். அங்கிருந்து ஆற்றோரமாக நடந்து வருவது எனக்குப் பிடித்த வழி. கூட வருகிற ஆறே ஆலைக்கு வழிகாட்டிவிடும். காரில் வருவது எளிது. நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்து வாருங்கள். ஆலை, வீடு, தோட்டம், காடு எல்லாம் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும்.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எதைப் பார்க்கட்டும்?

தடுப்பணை, சக்கர அறை. மற்றதை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அணையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, தண்ணீர் போகும் வழியிலேயே இறங்கி வாருங்கள். சக்கரம் ஓடுகிற நாளாக இருந்தால், அறைக்குள் ஈரக் காற்றும் இரும்பு வாடையும் முதலில் வரும், கண் பழகச் சற்று நேரமாகும். இரும்புக் கைப்பிடியில் கையை வையுங்கள். வாளி ஒவ்வொன்றும் நிறைந்து இறங்கும்போது உள்ளங்கையில் தெரியும்.